இன்னும் கொஞ்சம் பின்னாடி

1

எங்கள் மருத்துவமனையில் பணிப்பட்டியல் போடுகிற பெண்மணி இந்த வருடம் புதிதாக வந்தவர். பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். நவம்பர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சேவியர், எல்லா வருடமும் டிசம்பர் இருபத்தாறு நீங்களே வேலை பார்க்கிறீர்கள். இது நியாயமே இல்லை. இந்த முறை உங்களுக்கு விடுப்பு" என்றார். பரிசு கொடுத்தவர் மாதிரி சிரித்தார். நானும் நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் விடுமுறைதான். ரயில் ஓடாது, பாதிக் கடை திறக்காது. முதல் நாள் மிச்சத்தை ரொட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறி எங்காவது நடக்கப் போவார்கள். பெரும்பாலும் கடற்கரைக்கு. கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகிற குளிரில், நாயையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவர்களுக்குப் பண்டிகை முடியும்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு நாளில் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வார்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் என்னைப் புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடியிருக்க லெஸ்டரைத் தேர்ந்தெடுத்ததற்கும் வேலை, பள்ளிக்கூடம் என்று பல காரணம் சொல்வேன். உண்மைக் காரணம், அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்.

எனக்கு விடுப்பு என்று தெரிந்ததும் மகள் ஷெரின் துள்ளினாள். பதினேழு வயது. கார் ஓட்டும் தேர்வில் தேறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சமையலறை நாட்காட்டியில் இருபத்தாறாம் தேதிக் கட்டத்தில் நீல மையில் மூன்று அலை வரைந்து வைத்தாள். "நான் ஓட்டுகிறேன். ஸ்கெக்னெஸ் பீச்சுக்குப் போகலாம். என் தோழிகள் எல்லாரும் போகிறார்கள். நாம் மட்டும் ஏன் போவதே இல்லை?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியும். திரும்பப் பேச வராது.

அவள் தாத்தா சுனாமியில் இறந்தார் என்பது அவளுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் வரும் ஒரு செய்தி நம் வீட்டிலும் நடந்திருக்கிறது என்ற அளவில் தெரியும். அதற்கு மேல் நான் சொன்னதில்லை.

என் மனைவி ரோஸ்லின் தூத்துக்குடிக்காரி, அவளும் நர்ஸ். ஷெரின் மாடிக்குப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வருஷம் காலேஜுக்குப் போயிருவா. அப்புறம் நம்மகூட எங்க வரப்போறா? போயிட்டு வந்துருவோம். நீங்க தண்ணிகிட்ட வர வேண்டாம், காருக்குள்ளயே உக்காந்துக்கிடுங்க."

2

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டுவதுதான் பெரிய வேலை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே உடம்பை ஒடுக்கி நுழைந்து போனால் அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை. கல்லுக்குக் கீழே சில இடங்களில் மட்டும் கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ராயபுரம் ரயில்வே யார்டில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம் மாற்றும் நெம்புகோலை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் இடது தோளை விடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போன பிறகு அவரும் பிலோமினா அக்காவும்தான் என்னை வளர்த்தார்கள். அக்கா என்னை விட எட்டு வயது பெரியவள். தண்டையார்பேட்டையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் நர்ஸிங் முடித்து, இங்கே வேலை கிடைத்து வந்தது 2004 தொடக்கத்தில்.

முதலில் லிங்கன்ஷையரில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்தில் போட்டார்கள். மாடியில் எங்களுக்கு அறை. என்னோடு தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் பையன் தன் சுவரை வீட்டுப் படங்களால் நிறைத்திருந்தான். என் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. நைனாவின் படம் என்று எங்களிடம் இருந்ததே ஓய்வூதியப் புத்தகத்துக்காக எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். நவம்பரில் ஊருக்குப் போன ஒரு நண்பனிடம் பிலிம் போடும் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

கிறிஸ்துமஸ் அன்று தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டேன். வீட்டில் போன் கிடையாது. கடைப் பையனை அனுப்பி அண்ணாச்சி நைனாவை வரவழைப்பார். அன்றைக்கு அவர் மூச்சு வாங்க வந்து பேசினார்.

"கேமரா வந்துச்சா நைனா?"

"வந்துச்சி, வந்துச்சி. உங்கக்கா அத்த கழுத்துல மாட்டிகினு கோயிலுக்கே வந்துட்டா. சாமியாரு பாத்துட்டு சிரிக்கிறாரு."

"ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. வூட்டுக்குள்ள வாணாம். கடலாண்ட நின்னு புடி. பின்னாடி கடலு தெரியணும். என் ரூம் செவுத்துல ஒட்டணும்."

"இன்னிக்கேவா? வூடு பூரா ஜனம் கீதுடா."

"அப்ப நாளைக்கு புடி."

"சரி, நாளைக்கு. கடலு எங்க பூடும்?"

வெளிநாட்டுக்குப் பேச வாங்கும் போன் அட்டையில் நிமிடம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

3

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கூடத்தில் பெரியவர்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் இந்தோனேசியா என்றார்கள். பிறகு இலங்கை. பிறகு மெட்ராஸ் என்றார்கள். நான் ஊட்டிக்கொண்டிருந்த பெரியவர் கரண்டியை மென்மையாக விலக்கிவிட்டு, "அது உன் ஊர் இல்லையா தம்பி?" என்று கேட்டார். மற்ற நாட்களில் தன் பெயரையே மறந்துவிடும் மனிதர் அவர்.

அன்று காலை முழுக்க லைன் கிடைக்கவில்லை. அட்டையைச் சுரண்டி, எண்ணை அழுத்தி, வைத்து, மறுபடி அழுத்தி, மதியத்துக்கு மேல் ஒரு தடவை மணி அடித்தது. அண்ணாச்சியே எடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கடையில் அவர் குரல் எப்போதும் தெருவுக்குக் கேட்கும். அன்று கேட்கவில்லை.

"தம்பி... அக்கா நல்லாருக்கா. கையில சின்ன அடிதான். ஒண்ணும் பயமில்ல."

"நைனா எங்க அண்ணாச்சி?"

"அக்கா நல்லாருக்கா தம்பி."

"நைனா?"

"அக்காவுக்கு ஒண்ணுமில்ல, தம்பி" என்று மூன்றாவது முறை சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கு விளங்கிவிட்டது.

சாயங்காலமே உடலைக் கல்லிடுக்கில் கண்டெடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அடக்கம். என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தது. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் போன் செய்தேன். எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினார். இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினால் உடனே பார்க்கிறோம் என்றார். எந்தச் சான்றிதழ்? அந்த வாரம் எங்கள் கடற்கரை முழுக்கச் சான்றிதழுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தது.

இல்லத்தின் மேலாளரிடம் போய், என் அப்பா எக்ஸ்பயர்ட் என்றேன். ஊரில் மருத்துவமனையில் அப்படித்தான் எழுதுவோம், அப்படித்தான் சொல்வோம். அவருக்குப் புரியவில்லை. எது காலாவதி ஆயிற்று, அப்பாவின் விசாவா என்று கேட்டார். அந்தச் சொல் இங்கே பாலுக்கும் தள்ளுபடிச் சீட்டுக்கும் உரியது என்று அப்போது எனக்குத் தெரியாது. இறந்துவிட்டார், செத்துவிட்டார் என்று வேறு வார்த்தை தேடி இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு அந்த ஆங்கிலச் சொல்லிலேயே மனம் சிக்கிக் கிடந்தது.

மார்ச்சில்தான் ஊருக்குப் போக முடிந்தது. பங்குச் சாமியார், சித்தப்பா, கம்பெனியில் அக்காவோடு தைத்தவர்கள், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நீ கேட்டதால் போகவில்லை, கிறிஸ்துமஸ் மறுநாள் எல்லாரும் கடலுக்குப் போவதுதானே. அக்காவும் அதையே சொன்னாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. கேமரா என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அலையோட பூட்ச்சி" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஊருக்குப் போனேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

4

ஷெரின் நன்றாகவே ஓட்டினாள். இரண்டரை மணி நேரப் பயணத்தில் அவளுடைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு வந்தோம். ஸ்கெக்னெஸில் வண்டியை நிறுத்தும்போது பதினொரு மணி இருக்கும். வெயில் அடித்தது. ஆனால் சூடே இல்லை. பொரித்த மீன் வாசனை. நான் காருக்குள் உட்காரவில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நடைபாதைச் சுவரைத் தாண்டியதும் என் கால் நின்றுவிட்டது.

கடல் இல்லை. ஈர மணல்தான் இருந்தது, கண்ணுக்கு எட்டும் வரை. எங்கோ கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்த ஈர மணலில் ஜனங்கள் நாயோடு நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கூட்டம் கத்திக்கொண்டே அந்தக் கோட்டுப் பக்கம் ஓடியது. எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"இது தண்ணீர் இறங்குகிற நேரம் அப்பா. தினமும் இரண்டு முறை இப்படித்தான்" என்று ஷெரின் போனை நீட்டினாள். கடல் எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று அதில் ஒரு அட்டவணையே இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். அட்டவணையை நம்பிக் கீழே இறங்கினேன்.

பாதி தூரம் போயிருப்போம். ரோஸ்லினின் போன் அடித்தது. வீடியோவில் அக்கா. ஊரில் அப்போது மாலை நாலரை. அந்த நாளில் கல்லறைக்குப் போய்விட்டு வந்து போன் செய்வாள். நான் வேலையில் இருப்பேன் என்று ரோஸ்லினைத்தான் கூப்பிடுவாள்.

"இன்னா ரோஸு, ஒரே காத்து சத்தம்? எங்க கீறீங்க?"

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "கடல்கரைக்கு வந்திருக்கோம் மதினி. பிள்ள ஆசப்பட்டா."

அந்தப் பக்கம் போன் முகத்துக்குக் கிட்டே வந்தது. பிறகு அக்கா, "காட்டு" என்றாள்.

ரோஸ்லின் போனைத் திருப்பிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஷெரின் தன் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்கத் தயாரானாள். அப்பா, கொஞ்சம் பின்னாடி போங்கள் என்றாள். போனேன். இன்னும் கொஞ்சம், கடல் தெரிய வேண்டும் என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு அடி பின்னால் வைத்தேன்.

"போவாத! டேய் சேவி, போவாதடா! வந்துடு! இப்டி வந்துடுடா!"

ரோஸ்லின் கையிலிருந்த போனுக்குள்ளிருந்து வந்த குரல் அது. அப்படி ஒரு குரலை அக்காவிடம் நான் கேட்டதில்லை. பக்கத்தில் போன நாய் நின்று குரைத்தது. ஷெரின் கையைத் தாழ்த்திவிட்டாள். நான் ஓடி வந்தேன். எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமலே ஓடி வந்து போனை வாங்கினேன். திரையில் அக்காவின் முகம் இல்லை, எங்கள் வீட்டு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. போனைப் பாயில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

5

நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷெரின் எதிரே நின்றாள். அக்கா போனை எடுத்துப் பேச ஆரம்பிக்க வெகு நேரம் ஆயிற்று.

"நான் சொன்னேன்டா."

"இன்னாக்கா சொன்ன?"

"பின்னாடி போ நைனானு நான்தான்டா சொன்னேன்."

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காலைல ஆறரைக்கு வூட்ல சட்டி ஏனம்லாம் ஆடிச்சி. கன்டெய்னர் லாரி போவுதுனு நெனச்சோம். பூச முட்ச்சிட்டு நேரா கடலாண்ட போனோம். தண்ணி ஒருவாட்டி கல்லு வரிக்கும் ஏறி எறங்கிச்சினு அங்க இருந்தவங்க சொன்னாங்க. நாங்க போம்போது கடலு உள்ள பூட்ச்சி. அம்மாம் மணலு அங்க நான் பாத்ததே இல்ல. நைனாவுக்கு ஒரே குஷி. 'பாருடி, உன் தம்பிக்கோசரம் கடலு எடம் வுட்டுகீது'ன்னாரு. கீழ எறங்கி நின்னாரு. நான் கல்லு மேல நின்னுகினு பாத்தேன். கேமராவுல கடலு எங்கியோ கோடு மாதிரி கீது. நீ கடலு தெரியணும்னு கேட்டியே. பின்னாடி போ நைனானு சொன்னேன். போனாரு. இன்னும் கொஞ்சம்னு சொன்னேன். போனாரு. மூணு வாட்டி சொன்னேன்டா."

"அக்கா, போதும்."

"இல்ல, கேளு. ஒரு கண்ண மூடிகினு அந்த சின்ன ஓட்ட வழியா பாத்துகினு இருந்தேன். கோடு தடிமனாச்சி. சுத்தி நின்னவங்க கத்துறாங்க. நான் அப்பகூட போட்டோ நல்லா வருதுனுதான் நெனச்சேன். அழுத்துனேன். அப்பால நிமுந்து பாத்தா நைனா நின்ன எடத்துல தண்ணிதான் கீது. கல்லுமேல நின்ன என்னயும் அட்ச்சி ரோட்டாண்ட தள்ளிடுச்சி. கேமரா அப்ப போனதுதான்."

எல்லாரும் எனக்குச் சொன்ன ஆறுதல் என் வாயிலும் வந்தது. "நீ சொல்லலனாலும் அவரு..."

"வாணாம். அத்த சொல்லாத. உனக்கு நான் சொன்ன பொய்ய எனக்கே திருப்பி சொல்லாத."

"அப்ப இப்ப நெஜத்த சொல்லு. நான் கேட்டதுக்குதான போனீங்க?"

அங்கே ஜன்னல் வழியாக ஏதோ லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

"ஆமா" என்றாள். "நீ கேட்டதுக்குதான் போனோம். மொத நாளே சட்டைய இஸ்திரி போட்டு ஆணில மாட்டிகினாரு. பூசைல அவரால குந்தவே முடில. பையன் கேட்டான், பையன் கேட்டான்னு வழி பூரா சொல்லிகினே வந்தாரு. இல்லாங்காட்டி அன்னிக்கு அந்நேரத்துக்கு கடலாண்ட எங்களுக்கு இன்னா வேல?"

பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. ஆனால் எல்லாரும் இல்லை, இல்லை என்று சொன்ன ஒன்றுக்கு ஒருத்தி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். நான் பைத்தியம் இல்லை என்று தெரிந்தது. நான் மட்டும் நிற்கிறேன் என்று நினைத்திருந்த இடத்தில் அக்காவும் இத்தனை வருடமும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள், அதே வீட்டில், அதே கடலுக்குப் பக்கத்தில், ஒருவரிடமும் சொல்லாமல். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வஞ்சிர மீன் வறுத்துப் போட்டுக்கொண்டு.

"மூணு தபாவும் சிரிச்சிகினேதான் பின்னாடி போனாரு" என்றாள் அக்கா. "அத்த நான் மட்டும்தான் பாத்தேன்."

நைனா போன பிறகு அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அழுதேன். எதிரே பொரித்த உருளைக்கிழங்கு தின்றபடி போன ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று, தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

6

திரும்பும்போது காரில் பாட்டு இல்லை. மூன்று மணிக்கே வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. அக்கா பேசியதில் ஷெரினுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. மீதியை நான் சொன்னேன். கேமரா, கிறிஸ்துமஸ் போன், சுவர், எல்லாம். அவள் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்."

ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். "நான் சொன்னதும் அதேதானே" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

மூன்று பேரும் இடம் மாறிக்கொண்டோம். நான் ஓட்டினேன். பின்சீட்டில் அவள் அம்மாவின் போனை வாங்கி ஏதோ தேடுவது கண்ணாடியில் தெரிந்தது. மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவளாக அத்தைக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"அத்தே, நான் ஷெரின்."

"சொல்லும்மா" என்றது அக்காவின் குரல்.

ஷெரின் தனக்குத் தெரிந்த தமிழைத் தேடினாள் என்று நினைக்கிறேன். கடைசியில், "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. இந்த நாளு நான் சாப்புட மாட்டேன்."

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவே தெரியாது. ரோஸ்லின் என் பக்கம் திரும்பினாள், அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு மகளிடம் தமிழ் இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

"சாப்பிடுங்க அத்தே" என்றாள்.

ஷெரின் மறுபடியும் சொன்னாள். அதே இரண்டு வார்த்தை, அதே தப்பான உச்சரிப்பில். பிறகு மூன்றாவது முறையும்.

பாய் நகரும் சத்தம் கேட்டது. "இரு" என்றாள் அக்கா. "வெச்சிடாத. அடுப்ப பத்த வெக்கிறேன்."